ஹைலக்ஸைத் தோட்டத்திலேயே வைத்து 3 இன்ச் தூக்கலாமா?

தம்பி ஒருவர் கேட்டது இது. ஜொகூரில் கோத்தா திங்கி பக்கம் மாமாவின் செம்பனைத் தோட்டத்தில் ஒரு பழைய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், எல்என்106 மாடல், நிற்கிறது. இவர் இருப்பது சிங்கப்பூர் உட்லண்ட்ஸில். மாதம் இரண்டு முறை கடற்பாலம் தாண்டிப் போய்ச் சேற்றில் ஓட்டிவிட்டு வருகிறார். 33 இன்ச் டயர் வாங்கியாயிற்று, மாட்டிப் பார்த்தால் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்கார்டில் உரசுகிறது. கடையில் விற்கிற பாடி லிஃப்ட் கிட்டுக்குக் காசு கொடுக்க மனசு வரவில்லை. கனடாக்காரர்கள் ஐஸ் ஹாக்கி ஆடுகிற ரப்பர் வட்டை வைத்தே பாடியைத் தூக்குகிறார்களாமே, அது மாதிரி எதையாவது வைத்து நாமே 3 இன்ச் தூக்கிவிடலாமா என்கிறார்.

தூக்கலாம், ஆனால் 3 இன்ச் வேண்டாம் தம்பி. ஒரு இன்ச் நிம்மதியான வேலை. இரண்டு இன்ச் யோசித்துச் செய்ய வேண்டிய வேலை. அதற்கு மேல் என்றால் என்னைக் கூப்பிடாதீர்கள். காக்கி புக்கிட்டில் ஒர்க்‌ஷாப் வேலை பார்த்து எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, நண்பனின் தோட்டத்து வண்டி ஒன்றை, அதுவும் எல்என்106தான், இரண்டு இன்ச் தூக்கியிருக்கிறோம். அதில் பட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாகட்டும், இதில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். பாடி லிஃப்ட் போட்டால் வண்டி உயராது. சேசிஸ் என்கிற அடிச்சட்டம், இன்ஜின், கியர்பாக்ஸ், அச்சு, அச்சின் நடுவில் குண்டாகத் தொங்குகிற டிஃப் (டிஃபரென்ஷியல்) எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். மேலே உட்கார்ந்திருக்கிற கேபினும் பின் தொட்டியும் மட்டும் சேசிஸிலிருந்து கொஞ்சம் எழும்பும். அதனால் கிடைப்பது சக்கரம் சுழல இடம், அவ்வளவுதான். பாறையில் இடிக்கிற டிஃப்பின் உயரம் கூடுவது டயரால்தான்: 31-லிருந்து 33-க்குப் போனால் ஆரத்தில் ஒரு இன்ச், அந்த ஒரு இன்ச்தான் உங்கள் லாபம். அதற்காகக் கேபினுக்கும் சேசிஸுக்கும் நடுவில் 3 இன்ச் கட்டை வைப்பது கல்யாண வீட்டுக்குப் போகப் பந்தலையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகிற கதை.

கட்டையைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த உரசலை நன்றாகப் பாருங்கள். எங்கே உரசுகிறது? மட்கார்டின் பின்பக்கக் கீழ் மூலையில், கதவுக்கு முன்னால் என்றால், அங்கே தகரத்தின் விளிம்பை வெட்டி மடக்கினாலே பாதி தீர்ந்துவிடும். எங்கள் வண்டியில் அதைச் செய்திருந்தால் ஒரு இன்ச்சே போதுமாக இருந்திருக்கும். அப்போது எங்களுக்கு அந்தப் புத்தி வரவில்லை, இரண்டு இன்ச் கட்டையைக் கடைந்து வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தோம், கையில் இருந்ததைப் போட்டோம்.

இன்னொன்று, சட்டம். உங்கள் வண்டி தோட்டத்து நிலத்திலேயே ஓடுகிறது என்பதால்தான் இவ்வளவு தூரம் பேசுகிறேன். இதே யோசனையோடு சிங்கப்பூர்ப் பதிவு பிக்கப் வைத்திருக்கிற யாராவது படித்தால் அவர்களுக்குத் தனியாகச் சொல்லிவிடுகிறேன்: நிலப் போக்குவரத்து ஆணையமான எல்டிஏவிடம் கேட்காமல் ஒரு போல்ட்டைக் கூடக் கழற்றாதீர்கள். இன்ஸ்பெக்‌ஷனில் மாட்டுவது ஒரு பக்கம், விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்கப்போவது வண்டியில் என்ன மாற்றம் செய்தீர்கள் என்பதைத்தான். புளோக்குக்குக் கீழே கார்பார்க்கில் ஜாக் போட்டுச் செய்யலாம் என்ற நினைப்பும் வேண்டாம். ஜொகூரிலும் பொதுச் சாலைக்கு ஏறினால் ஜேபிஜே, அதாவது மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை, இருக்கிறது, அதையும் மறக்காதீர்கள்.

சரி, கட்டைக்கு வருவோம்.

அந்த ஹாக்கி வட்டு 3 இன்ச் அகலம், 1 இன்ச் தடிமன், கெட்டியான வல்கனைஸ் ரப்பர். அங்கே மலிவாகக் கிடைக்கிறது, நடுவில் ஓட்டை போட்டால் ஒரு இன்ச் கட்டை தயார். ஒற்றை வட்டு வைத்து வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கெடுகிற இடம் அதை இரண்டு, மூன்று என்று அடுக்கும்போதுதான். கோப்பிக் கோப்பைத் தட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள், எங்கே வழுக்குகிறது என்று தெரியும். 2 இன்ச் வேண்டுமென்றால் ஒரே துண்டில் 2 இன்ச் இருக்க வேண்டும்.

மாமா செங்கால் மரத்தில் வெட்டி வைத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். பெரியவர் யோசனையில் நியாயம் இருக்கிறது, திரங்கானுவில் படகு கட்டுகிற மரம், தண்ணீருக்கு அசையாது. ஆனால் மரம் காயும், ஊறும், நசுங்கும், போல்ட்டை இறுக்குகிற இடத்தில் நார் பிளக்கும். ஒவ்வொரு தடவை கொஞ்சம் நசுங்கும்போதும் போல்ட்டின் இறுக்கம் கொஞ்சம் போகும். பிளாஸ்டிக்கிலும் இதே தொல்லை வேறு உருவத்தில் உண்டு. சமையலறை வெட்டுப்பலகை செய்கிற பாலிஎத்திலீன் வெட்ட எளிது, உடையாது, ஆனால் தொடர்ந்து அழுத்தத்தில் இருந்தால் மெதுவாகப் பரந்து தளர்ந்துகொண்டே போகும். நைலான் நல்ல கெட்டி, ஆனால் தண்ணீர் குடிக்கும், நம்ம ஊர் ஈரத்தில் அளவு மாறும். பிளாஸ்டிக்தான் என்றால் அசெட்டல் உருளை வாங்குங்கள். நாங்கள் போட்டது 6061 அலுமினியம், 75 மில்லி உருளை. லேத் கடையில் கொடுத்து நீளத்துக்கு வெட்டி, இரண்டு முகத்தையும் மட்டமாகக் கடைந்து, நடுவில் போல்ட்டை விட அரை மில்லி பெரிய ஓட்டை போட்டு வாங்கினோம். ஓட்டையைப் பெரிதாகப் போட்டால் பிறகு கட்டை உள்ளே ஆடும், லேத்காரர் ‘லூசா விட்டா மாட்ட ஈஸி’ என்பார், ஒத்துக்கொள்ளாதீர்கள். அலுமினியமும் இரும்பும் சேற்றுத் தண்ணீரில் ஒன்றாக இருந்தால் அலுமினியம் அரிக்கும், அதனால் தொடுகிற முகங்களுக்கு நல்ல பெயின்ட் அடித்து மாட்டுங்கள்.

கேபினுக்கும் சேசிஸுக்கும் நடுவில் ஏற்கெனவே ரப்பர் புஷ் இருக்கும், கட்டையின் முகம் அந்த ஒரிஜினல் ரப்பரின் முகத்தளவாவது இருக்க வேண்டும். ரப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு அலுமினியத்தை நேராக வைக்கிறவர்களும் உண்டு. அந்த ரப்பர்தான் சேசிஸ் முறுக்கும்போது கேபினைக் கிழியாமல் காப்பாற்றுவது, அதைக் கழற்றினால் கொஞ்ச நாளில் கேபின் தரையில் வெடிப்பு பார்க்கலாம். ரப்பர் இருந்த இடத்தில் இருக்கட்டும், அதற்கும் கேபினுக்கும் நடுவில் கட்டை. பழைய ரப்பர் முப்பது வருஷத்தில் அப்பளமாகியிருந்தால் புதுசு வாங்குங்கள், கட்டையில் மிச்சம் பிடித்த காசு அங்கே போகட்டும். பின் தொட்டி பெரும்பாலும் ரப்பர் இல்லாமல் நேராகச் சேசிஸில் உட்கார்ந்திருக்கும், அங்கே வேலை எளிது.

இப்போது 3 இன்ச் ஏன் வேண்டாம் என்பதற்கான கணக்கு. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

போல்ட்டு இறுக்கமாக இருக்கும்வரை கேபினும் கட்டையும் ரப்பரும் பிராக்கெட்டும் ஒரே துண்டு மாதிரி. பக்கவாட்டில் வருகிற தள்ளலை அந்த அழுத்தத்தில் பிறக்கிற உராய்வே தாங்கிவிடும், போல்ட்டு வளைய வேண்டிய அவசியமே வராது. இறுக்கம் போய்விட்டால் கதை வேறு. ஒரு பக்கம் பிடித்து வைத்த கம்பியின் மறுமுனையைத் தள்ளுகிற மாதிரி போல்ட்டு தனியாக வளைய ஆரம்பிக்கும். 12 மில்லி போல்ட்டு என்று வையுங்கள், மரையின் அடிவிட்டம் பத்தரை மில்லி. கேபின் ஒரு பள்ளத்தில் பக்கவாட்டில் உதறும்போது ஒரு போல்ட்டுக்கு 200 கிலோ வருகிறது என்று எளிமையாக எடுத்துக்கொண்டால், 1 இன்ச் கட்டையில் போல்ட்டின் அழுத்தம் 440 மெகாபாஸ்கல் சொச்சம். 2 இன்ச்சில் 880. 3 இன்ச்சில் 1300-ஐத் தாண்டும். போல்ட்டின் தலையில் 8.8 என்று எழுதியிருந்தால் அது நிரந்தரமாக வளையத் தொடங்குவது 640-இல். 10.9 என்று எழுதியிருந்தால் 900-இல். அந்த எண்ணைப் படிக்கிற முறை இதுதான்: முதல் எண்ணை நூறால் பெருக்கினால் அறுகிற அளவு, புள்ளிக்குப் பின்னால் இருக்கிற எண் அதில் எத்தனை பத்தில் ஒரு பங்கு தாண்டினால் வளையும் என்பது.

ஆக, ஒரு இன்ச்சில் போல்ட்டு தளர்ந்தாலும் சாதாரண 8.8 தாங்கும், நீங்கள் கவனித்து இறுக்குகிறவரை பிழைத்துக்கொள்ளும். இரண்டு இன்ச்சில் 10.9 போட்டாலும் விளிம்பில்தான் நிற்கிறீர்கள். மூன்றில் எந்தப் போல்ட்டும் இல்லை. உண்மையில் விசை பல போல்ட்டுக்கும் பிரியும், ரப்பர் கொஞ்சம் விழுங்கும், அதனால் 3 இன்ச் போட்ட வண்டி எல்லாம் உடனே உடைந்து விழுவதில்லை. ஆனால் தப்பு நடந்தால் மன்னிக்கிற அளவு அங்கே மிச்சமில்லை, அதுதான் எனக்குப் பிடிக்காதது.

துருப் பிடிக்காது என்று பளபளவென்று ஸ்டெயின்லஸ் போல்ட்டு வாங்கி வந்துவிடாதீர்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற ஏ2-70 அறுவதே 700-இல், 8.8-ஐ விடவும் பலவீனம். போதாததற்கு நட்டோடு பிடித்துக்கொண்டு திருகவும் வராது, கழற்றவும் வராது.

அப்புறம், கட்டை வாங்குவதும் போல்ட்டு வாங்குவதும் இந்த வேலையில் கால்வாசி கூட இல்லை. கேபினிலிருந்து சேசிஸுக்கும் இன்ஜினுக்கும் போகிற ஒவ்வொரு பைப்பும் ஒயரும் கேபிளும் தண்டும்தான் முக்கால்வாசி. ஒரு பக்கம் இரண்டு இன்ச் மேலே போகிறது, மறுபக்கம் அங்கேயே நிற்கிறது. வீடியோவில் இதைப் பத்து செகண்டில் ஓட்டிவிடுகிறார்கள்.

அதில் உயிர் போகிற இடம் ஸ்டீயரிங். ஸ்டீயரிங் காலம் கேபினில் இருக்கிறது, ஸ்டீயரிங் பாக்ஸ் சேசிஸில். இரண்டையும் இணைக்கிற நடுத் தண்டு ஒன்று இன்ஜின் ஓரமாகச் சாய்ந்து இறங்கும். கேபின் மேலே போனால் அந்தத் தண்டு இழுபடும். தண்டு 45 டிகிரி சாய்ந்திருக்கிறது என்றால் கேபின் 50 மில்லி ஏறும்போது ஏறக்குறைய 35 மில்லி இழுக்கும். சில வண்டிகளில் ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற பல்வரிசை இணைப்பு இருக்கும், கொஞ்சம் நீளும். சிலவற்றில் நீளவே நீளாது. நாங்கள் செய்தது: தூக்குவதற்கு முன் தண்டு நுழைகிற இடத்தில் வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு. அரை இன்ச் தூக்கிவிட்டு மறுபடியும் போய்ப் பார்த்தோம், கோடு மேலே நகர்ந்து நின்றது. கேலிப்பரை வைத்து அளந்து, முழு உயரத்துக்கு எவ்வளவு வெளியே வரும் என்று கணக்குப் போட்டோம். உள்ளே மிச்சம் இருக்கப்போவது ஒரு விரல் அகலம் கூட இல்லை. அங்கேயே நிறுத்திவிட்டு, அந்த வண்டிக்கென்று விற்கிற நீட்டிப்புத் துண்டை வாங்கினோம், வேலை இரண்டு வாரம் தள்ளிப்போனது. வீட்டில் செய்கிற லிஃப்ட்டில் இந்த ஒரு சாமானை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். வெல்டிங் தெரிந்த நண்பன், தண்டை வெட்டி நடுவில் பைப் வைத்து ஒட்டித் தருகிறேன் என்பான். அவன் எவ்வளவு நல்ல வெல்டராக இருந்தாலும் கோப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது பிரேக். மாஸ்டர் சிலிண்டர், இன்ஜினையும் கேபினையும் பிரிக்கிற தகரச் சுவரான ஃபயர்வாலில் இருக்கிறது, அதிலிருந்து இரும்பு பைப் இறங்கிச் சேசிஸுக்குப் போகிறது. பைப் நன்றாக வளைந்து சுற்றிப் போயிருந்தால் ஒரு இன்ச் தாங்கும். இரண்டு இன்ச்சுக்கு நாங்கள் ஃபயர்வாலில் பிடித்திருந்த கிளிப்பைக் கழற்றி, வளைவை மெதுவாகக் கையால் விரித்துவிட்டோம். பிளையர் போட்டு வளைக்க ஆரம்பித்தால் பைப் நசுங்கும், அது நசுங்கியது வெளியே தெரியாது. கிளட்ச் பைப்புக்கும் இதே பார்வை.

மற்றவை எல்லாம் எரிச்சல் கொடுக்குமே தவிர ஆளைக் கொல்லாது. ஹீட்டர் ஹோஸ், ஏர்கான் ஹோஸ், ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஸ்பீடோ கேபிள், ஹேண்ட்பிரேக் கேபிள், பேட்டரியிலிருந்து இன்ஜினுக்குப் போகிற எர்த் ஒயர் எல்லாவற்றையும் ஒரு டார்ச்சோடு படுத்துப் பார்த்து எண்ணுங்கள். டீசல் நிரப்புகிற கழுத்து தொட்டியோடு மேலே போகும், டேங்க் கீழே நிற்கும், நடுவில் இருக்கிற ரப்பர் ஹோஸ் இழுபட்டுச் சப்பையாகிவிட்டால் பம்பில் நிரப்பும்போது திருப்பித் துப்பும். கியர் லிவர் கியர்பாக்ஸோடு கீழேயே நிற்கும், தரையின் ஓட்டை மட்டும் மேலே வரும், அதனால் லிவர் குள்ளமான மாதிரி ஆகிவிடும். எங்கள் வண்டியில் ரிவர்ஸ் போட்டால் லிவர் ஓட்டையின் ஓரத்தில் இடித்து நழுவியது. ஏற்றத்தில் பின்னால் எடுக்கும்போது அது நழுவினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஓட்டையை ஒரு பக்கம் கொஞ்சம் வெட்டிப் பெரிதாக்கினோம்.

ரேடியேட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரேடியேட்டர் பாடியில் தொங்குகிறது, காற்றாடி இன்ஜினில் சுற்றுகிறது. பாடி ஏறியதும் காற்றாடியைச் சுற்றியிருக்கிற பிளாஸ்டிக் கூண்டின் கீழ்ப்பக்கம் காற்றாடியின் வாயில் போய் உட்காரும். முதல் தடவை ஸ்டார்ட் போட்டபோது டர்ர்ர் என்று ஒரு சத்தம், நண்பன் பயந்து சாவியை அணைத்துவிட்டான், கூண்டில் பிறை நிலா மாதிரி ஒரு வெட்டு. சரியான வழி ரேடியேட்டரின் பிராக்கெட்டை அதே இரண்டு இன்ச் கீழே இறக்கி மாட்டுவது. கூண்டை வெட்டித் தூக்கிப் போட்டுவிட்டால் சத்தம் நிற்கும், ஆனால் மதிய வெயிலில் முதல் கியரில் சேற்றில் உறுமிக்கொண்டு நிற்கும்போது இன்ஜின் சூடாகும், அந்த நேரத்தில்தான் கூண்டின் அருமை தெரியும்.

வேலை செய்கிற முறை. போல்ட்டுகளுக்குச் சில வாரங்கள் முன்பிருந்தே, போகிற ஒவ்வொரு முறையும், துரு இளக்குகிற எண்ணெய் அடித்து வையுங்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள், ஸ்டீயரிங் தண்டின் இணைப்பைத் தளர்த்துங்கள், காற்றாடிக் கூண்டைக் கழற்றுங்கள், டீசல் கழுத்தின் கிளாம்ப்பை விடுங்கள். எல்லாப் போல்ட்டையும் தளர்த்திவிட்டு, ஒரு பக்கத்தை மட்டும் முழுதாக எடுங்கள், மறுபக்கம் நான்கைந்து மரை பிடித்துக்கொண்டு இருக்கட்டும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் கேபின் நகர்ந்து ஓட்டைகள் பொருந்தாமல் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும். ஜாக்குக்கும் கேபின் அடிக்கும் நடுவில் அரை அடி அகல, நீளமான பலகை, இல்லாவிட்டால் தகரம் குழியும். ஒவ்வொரு அரை இன்ச்சுக்கும் நிறுத்தி ஒரு ஆள் பானெட்டுக்குள் பார்க்க வேண்டும். கட்டையை உள்ளே வைக்கும்போது விரலை விடாதீர்கள், நீளமான பிளையரால் தள்ளுங்கள். தனியாகச் செய்கிற வேலையில்லை இது, ஜாக்கில் ஒருவர், பார்க்க ஒருவர்.

எங்களைக் கவிழ்த்தது இதில் எதுவும் இல்லை, ஒரே ஒரு நட்டு. சில இடங்களில் நட்டு வெளியே தெரியாது, கேபின் தரைக்குள் ஒரு சின்னக் கூண்டில் அடைத்து வைத்திருப்பார்கள். இடது பக்கப் பின் மூலையில் அந்தக் கூண்டு துருப்பிடித்துப் பிய்ந்திருந்தது. ஸ்பேனரைத் திருப்பினால் போல்ட்டோடு நட்டும் சேர்ந்து சுற்றுகிறது, மேலேயும் வரவில்லை கீழேயும் வரவில்லை. மணி ஐந்தரை, மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது, கேபினின் வலது பக்கம் கட்டையின் மேல், இடது பக்கம் தொங்கலில். சீட்டைக் கழற்றி, தரை விரிப்பைச் சுருட்டி, நட்டு இருக்கும் இடத்தைத் தட்டித் தட்டிச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்து, கிரைண்டரால் தகரத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கதவு வெட்டினோம். மழை தகரக் கூரையில் இறங்க, நான் மேலே இருந்து நட்டைப் பிடிக்க, நண்பன் சேற்றில் மல்லாந்து படுத்துத் திருப்ப, ஒரு வழியாகக் கழன்றது. அன்று இரவு கடற்பால நெரிசலில் நான் உட்கார்ந்திருந்தபோது இரண்டு கையிலும் துரு. ஆகவே தூக்கத் தொடங்கும் முன்பே எல்லாப் போல்ட்டையும் ஒரு சுற்று தளர்த்திப் பாருங்கள், சுற்றிக்கொண்டே இருப்பது எது என்று முதலிலேயே தெரிந்துவிடும், அதற்குப் பிறகு தூக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கலாம்.

முடித்த பிறகு முன் பம்பருக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும், சக்கர வளைவு வழியாகப் பார்த்தால் சேசிஸ் வெளியே தெரியும், சட்டை மேலே ஏறி இடுப்பு தெரிகிற மாதிரி. மாமா சிரிப்பார், சிரிக்கட்டும். ஒரு ரப்பர் விரிப்பை வெட்டி மாட்டி மறைக்கலாம், சேறு தெறித்து இன்ஜினுக்குள் போவதும் குறையும்.

டயர் பெரிதானதால் ஸ்பீடோ குறைவாகக் காட்டும்: 31-லிருந்து 33 என்றால் ஆறு சதவீதத்துக்கும் மேல், அதாவது 60 என்று காட்டும்போது 64-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். கியரும் அந்த அளவுக்கு நீண்டுவிடும், பழைய 2.8 டீசலுக்கு அது நன்றாகவே தெரியும். பாரமும் கொஞ்சம் மேலே போயிருக்கிறது, அதனால் சரிவில் பக்கவாட்டாகப் போகும்போது முன்பு இருந்த தைரியத்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். நேர்மையாகச் சொன்னால், செம்மண் சேற்றில் நீங்கள் மாட்டிக்கொள்வதற்குப் பாதிக் காரணம் டயரில் காற்று அதிகமாக இருப்பதாகத்தான் இருக்கும். 31 டயரிலேயே காற்றை 18 பிஎஸ்ஐ வரை இறக்கி மெதுவாக ஓட்டிப் பாருங்கள், கைப்பம்பும் கேஜும் இருந்தால் போதும், அதன் பிறகும் போதவில்லை என்றால் இந்த வேலைக்கு வாருங்கள்.

முதல் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டியதும் எல்லாப் போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள், அந்த வண்டியின் ரிப்பேர் புத்தகத்தில் கேபின் போல்ட்டுக்குப் போட்டிருக்கிற அளவுக்கு. எங்களுக்கு முதல் சுற்றில் மூன்று போல்ட்டு கால் சுற்று ஏறியது, இரண்டாவது சுற்றில் ஒன்று, அதற்குப் பிறகு எதுவும் அசையவில்லை. ஒவ்வொரு தலையிலும் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து வைத்தால் ரெஞ்ச் எடுக்காமலே நகர்ந்ததா என்று கண்ணால் பார்க்கலாம்.

போல்ட்டு வாங்க ஜாலான் புசார் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளுக்குப் போவதாக இருந்தால், பழைய போல்ட்டு ஒன்றைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். நீளத்தை அளந்து எழுதிக்கொண்டு போனால் போதாது. ஜப்பான் வண்டிகளில் 12 மில்லி போல்ட்டின் மரை இடைவெளி பெரும்பாலும் 1.25, கடையில் 12 மில்லி என்று சும்மா கேட்டால் எடுத்துக் கொடுப்பது 1.75. இரண்டும் பார்க்க ஒன்றாகவே இருக்கும், முதல் இரண்டு மரை ஏறவும் செய்யும், அதற்கு மேல் பலத்தைப் போட்டால் கேபினுக்குள் அடைத்து வைத்திருக்கிற அந்த நட்டு போய்விடும், அப்புறம் நீங்களும் கிரைண்டரை எடுத்துத் தரையில் கதவு வெட்ட வேண்டியதுதான். பழைய போல்ட்டையும் புதுப் போல்ட்டையும் மரையோடு மரை பொருத்தி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், இடையில் வெளிச்சம் தெரியக் கூடாது.